விரயமும் கழிவும் ஒரே வரைபடத்தில்: விநியோகச் சங்கிலியில் சிக்கன முறையையும் பசுமை முறையையும் இணைப்பது எப்படி

தமிழில் 'விரயம்' வேறு, 'கழிவு' வேறு. சரக்கு ஏற்ற வந்த லாரி இரண்டு மணி நேரம் வாசலிலேயே நின்றால் அது விரயம். தகட்டை வெட்டியபின் மிஞ்சும் துண்டு கழிவு. லீன் என்று பரவலாக அழைக்கப்படும் சிக்கன உற்பத்தி முறையைக் கையாள்பவர்கள் விரயத்தைத் தேடுகிறார்கள்; சுற்றுச்சூழல் பொறுப்பாளர்கள் கழிவைத் தேடுகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இவ்விரு தரப்பினரும் தனித்தனி அறைகளில், தனித்தனிக் கோப்புகளோடு, தனித்தனி மேலதிகாரிகளின் கீழ் வேலை செய்கிறார்கள். அதனால் ஒருவர் மிச்சப்படுத்தியதை மற்றவர் அறியாமலேயே செலவழித்துவிடுவதும், இருவரும் ஒரே குறையை இரு பெயர்களில் துரத்திக்கொண்டிருப்பதும் வழக்கமாகிவிட்டன.

இரண்டு முறைகளையும் இணைப்பதற்குப் புதிய துறை எதையும் தொடங்கத் தேவையில்லை. ஏற்கெனவே நேரத்தையும் இருப்பையும் குறித்து வைத்திருக்கும் வரைபடத்தில் கிலோகிராம், யூனிட், லிட்டர் ஆகிய மூன்று அளவுகளையும் இரண்டாவது வரியாகச் சேர்த்து எழுதி, இரண்டு வரிகளும் முரண்படும் இடங்களில் நின்று காரணத்தைத் தேட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இவ்வழிகாட்டியின் பொருள்.

ஒத்துப்போகும் இடமும் மோதும் இடமும்

டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ வகுத்த பட்டியலில் ஏழு வகை விரயங்கள் உண்டு: தேவைக்கு மேல் உற்பத்தி செய்தல், காத்திருத்தல், தேவையற்ற போக்குவரத்து, தேவையை மீறிய வேலைப்பாடு, மிகையான இருப்பு, ஆட்களின் வீண் அசைவு, பழுதான பொருள். இப்பட்டியலில் சுற்றுச்சூழல் என்ற சொல்லே இல்லை. ஆயினும் ஏறத்தாழ ஒவ்வொரு வகைக்குப் பின்னாலும் ஒரு மின்கட்டணமோ டீசல் ரசீதோ குப்பை வண்டியோ நிற்கிறது. பழுது என்று ஒதுக்கப்படும் ஒரு பொருளுக்காகத் தாது தோண்டப்பட்டிருக்கிறது, உலை எரிந்திருக்கிறது, வண்டி ஓடியிருக்கிறது; அது எவ்வளவு கடைசிக் கட்டத்தில் ஒதுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அதன் பின்னால் இருக்கும் ஆற்றலும் அதிகம். தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதே விரயங்களில் மோசமானது என்று ஓனோ கருதியதற்கு, அது மற்ற விரயங்களையெல்லாம் பெற்றெடுக்கிறது என்பது காரணம். சுற்றுச்சூழல் கண்ணோட்டத்திலும் அதே வரிசைதான் பொருந்தும்.

மோதல் வருவது முக்கியமாக ஓர் இடத்தில். சிக்கன முறை சிறு அளவுகளில், அடிக்கடி, தேவைப்படும் நேரத்தில் சரக்கு வர வேண்டும் என்கிறது. வாரம் ஒரு முறை நிறைந்து வந்த லாரி அப்போது வாரம் நான்கு முறை கால்பங்கு நிரம்பி வரத் தொடங்குகிறது. கால்பங்கு சுமை ஏற்றிய லாரிக்குக் கால்பங்கு டீசல் போதாது. வண்டியின் சொந்த எடையை இழுப்பதற்கே எரிபொருளில் கணிசமான பங்கு செலவாகிவிடுகிறது. கிடங்கில் குறைந்த இருப்பு சாலையில் புகையாக வெளிவருகிறது என்று சொல்லலாம். இம்மோதலை மறைத்துவிட்டு 'சிக்கனம் என்றாலே பசுமை' என்று எழுதும் கையேடுகள் வாசகருக்கு உதவுவதில்லை என்பது என் கருத்து. மோதல் உண்மையானது, ஆனால் அதைத் தீர்க்கும் இடம் லாரியில் இல்லை என்பதைப் பின்னர் காண்போம்.

ஒரு பொருளோடு தொடங்குங்கள்

நிறுவனம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கணக்கெடுக்க முற்பட்டால் ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய விரிதாள் மட்டுமே மிஞ்சும். விற்பனையில் கணிசமான பங்கு வகிப்பதும், வெளியிலிருந்து மூன்று நான்கு வழங்குநர்களின் பொருள்களைச் சார்ந்திருப்பதுமான ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றிய குழுவில் கொள்முதல், உற்பத்தி, கிடங்கு, போக்குவரத்து, கணக்கு, சுற்றுச்சூழல் ஆகிய பிரிவுகளிலிருந்து ஒருவர் வீதம் இருக்கட்டும். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கட்டாயம் வேண்டும். ஏனென்றால், சேமிப்பு என்று குழு சொல்வதை அவர் ஏற்காவிட்டால் முயற்சி அடுத்த நிதியாண்டைத் தாண்டாது.

பிறகு, வாடிக்கையாளர் வாசலில் தொடங்கி, பொருள் வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும். திரையைப் பார்த்து வரைபடம் போடுவது எளிது. ஆனால் சரக்கை அடுக்கும் தட்டுகளான பேலட்டுகள் எங்கே இரண்டு முறை இறக்கி ஏற்றப்படுகின்றன, எந்த மூலையில் மூன்று மாதத் தூசியோடு அட்டைப்பெட்டிகள் நிற்கின்றன, எந்த வண்டி இயந்திரத்தை அணைக்காமல் காத்திருக்கிறது என்பவை நேரில் நடந்தால் மட்டுமே தெரியும். வழங்குநரின் இடத்துக்கும் ஒரு முறையாவது சென்று வாருங்கள். உங்கள் வரைபடத்தில் ஒரு சிறு முக்கோணமாக இருக்கும் அவருடைய இருப்பு, உண்மையில் ஒரு கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

வரைபடத்தின் இரண்டாவது வரி

மதிப்பு ஓட்ட வரைபடம் என்று சொல்லப்படும் வழக்கமான வரைபடத்தில் ஒவ்வொரு கட்டத்தின் கீழும் வேலை நேரம், காத்திருப்பு நேரம், ஒரு தொகுதியின் அளவு, இருப்பு, பழுது விகிதம் ஆகியவை எழுதப்படும். அதே கட்டங்களின் கீழ் இரண்டாவது வரியொன்றைச் சேர்த்து, உள்ளே வந்த மூலப்பொருளின் எடை, பொருளாக வெளியேறிய எடை, கழிவாகப் போன எடை, மின்சாரம், எரிபொருள், தண்ணீர் ஆகியவற்றை எழுதுங்கள். எல்லாவற்றையும் விற்பனைக்குத் தகுதியான ஒரு பொருளுக்கு, அல்லது நூறு பொருள்களுக்கு என்று வகுத்து எழுதுவது முக்கியம்; பழுதானவற்றையும் சேர்த்து வகுத்தால் கணக்கு அழகாகத் தெரியுமே தவிர உண்மையாக இராது.

மின்சாரத்தைக் கட்டம்வாரியாக அளக்க மீட்டர் இல்லையே என்ற தயக்கம் எழும். கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் வகைப் பவர் மீட்டர் ஒன்று இருந்தால் ஒரு வாரத்தில் தேவையான தோராயம் கிடைத்துவிடும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரண்டு அளவுகளை எடுங்கள்: வேலை செய்யும்போது எவ்வளவு, சும்மா ஓடும்போது எவ்வளவு. இந்த இரண்டாவது அளவில்தான் இரு முறைகளும் கைகோக்கின்றன. முந்தைய கட்டத்திலிருந்து பொருள் வராமல் நாளொன்றுக்கு 5 மணி நேரம் காத்திருக்கும் இயந்திரம் அந்நேரத்தில் 3 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்தால், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 4,500 யூனிட் மின்சாரம் காத்திருப்பதற்காகவே செலவாகிறது. 'காத்திருத்தல்' என்ற விரயத்துக்கு இதுவரை நிமிடங்களில் மட்டுமே கணக்கு இருந்தது. இப்போது அதற்கு மின்கட்டணமும் உண்டு.

அழுத்தக் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைக் காசில்லாத பொருள் போலவே கருதுகிறார்கள். கவனிப்பில்லாத குழாய் அமைப்புகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவாகவே போவது அரிதன்று. சோதிப்பது எளிது. காற்றைப் பயன்படுத்தும் கருவிகள் எல்லாம் நின்றிருக்கும் விடுமுறை நாளில் கம்ப்ரசரை இயக்கி, அது அழுத்தம் ஏற்றும் நேரத்தையும் சும்மா ஓடும் நேரத்தையும் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். ஏற்றும் நேரம் 3 நிமிடமும் சும்மா ஓடும் நேரம் 7 நிமிடமுமாக மாறி மாறி வந்தால், மொத்தம் 10 நிமிடத்தில் 3 நிமிடம், அதாவது 30 சதவீதத் திறன், யாருக்கும் பயனின்றிக் கசிகிறது என்று பொருள்.

கழிவுக்குக் கணக்கேட்டில் இருக்கும் விலை பொய்

பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கேட்டில் கழிவு என்றால் அதை அகற்றுவதற்குக் கொடுத்த கூலி மட்டுமே. சில சமயம் பழைய இரும்புக்காரரிடம் விற்றதால் வந்த வரவு. இந்தப் பார்வை மாறாதவரை எந்தப் பசுமைத் திட்டமும் செலவுக் கணக்கிலேயே நிற்கும். ஜெர்மனியில் உருவாகி, ஜப்பானில் பரவலாக வளர்த்தெடுக்கப்பட்டு, 2011இல் ஐஎஸ்ஓ 14051 என்ற தரநிலையாக வெளிவந்த மூலப்பொருள் ஓட்டச் செலவுக் கணக்கு முறை இதைத் திருத்துகிறது. அதன் அடிப்படை மிக எளியது: கழிவும் ஒரு உற்பத்திப் பொருளே என்று கொண்டு, அதற்கும் உரிய பங்குச் செலவைச் சுமத்த வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 100 கிலோ மூலப்பொருள் உள்ளே போகிறது. 80 கிலோ பொருளாகவும் 20 கிலோ கழிவாகவும் வெளியே வருகிறது. மூலப்பொருளுக்கு 1,000, மின்சாரத்துக்கு 100, கூலிக்கும் இயந்திரத் தேய்மானத்துக்கும் 300 என்று மொத்தம் 1,400 செலவு; கழிவை அகற்ற 10. பழைய கணக்கில் கழிவின் செலவு 10 மட்டுமே. எடைப்படி பங்கிட்டால் கழிவுக்கு 280 சேர்கிறது. அகற்றும் கூலியோடு 290. அதே இழப்பு இருபத்தொன்பது மடங்காகத் தெரிகிறது. இப்படி எழுதிய தாளைக் கொண்டு போனால், வெட்டும் அமைப்பை மாற்றவோ, தகட்டின் அகலத்தை வழங்குநரிடம் மாற்றிக் கேட்கவோ பணம் ஒதுக்கச் சொல்வது கடினமாக இராது. கவனிக்க வேண்டியது: 20 கிலோவையும் மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டோம் என்ற பெருமிதம் இங்கே உதவாது. மறுசுழற்சி 1,400இல் எதையும் திருப்பித் தருவதில்லை. பழைய இரும்பின் விலையை மட்டுமே தருகிறது.

ஏற்ற இறக்கத்தை முதலில் அடக்குங்கள்

டொயோட்டா முறையில் மூன்று சொற்கள் உண்டு: முடா என்பது விரயம், முரா என்பது சீரின்மை, முரி என்பது அளவுக்கு மீறிய சுமை. வெளியே பரவியபோது முதல் சொல்லே பெரிதும் புகழ் பெற்றது. விநியோகச் சங்கிலியின் சுற்றுச்சூழல் சுமையைப் பொறுத்தவரை, இரண்டாவது சொல்லுக்கே முதலிடம் தருவேன்.

வாடிக்கையாளரின் தேவை ஓரளவு சீராக இருக்கும்போதுகூட, சங்கிலியில் பின்னே செல்லச் செல்ல ஆர்டர்களின் ஏற்ற இறக்கம் பெருகுகிறது. சாட்டையின் பிடியில் சிறிய அசைவு நுனியில் பெரிய வீச்சாக மாறுவதைப் போன்றது என்பதால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். எம்ஐடியின் ஜே ஃபாரெஸ்டர் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் இவ்வியல்பை விளக்கினார். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை அணையாடைகளின் ஆர்டர்களை ஆராய்ந்தபோது, குழந்தைகளின் எண்ணிக்கையும் பழக்கமும் நாளுக்கு நாள் மாறாதபோதும் மொத்த வியாபாரிகளின் ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்குவதைக் கண்டது. காரணங்கள் பழக்கமானவையே: தொகுத்து ஆர்டர் போடுதல், தற்காலிகத் தள்ளுபடி, தட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தில் இரட்டிப்பாகக் கேட்டல், ஒவ்வொருவரும் தனித்தனியே கணித்தல்.

இதற்கும் பசுமைக்கும் என்ன தொடர்பு? உச்சத்தில் மிகைநேர வேலையும் கூடுதல் பழுதும் அவசர வண்டிகளும். பள்ளத்தில் சும்மா ஓடும் இயந்திரங்களும் காலாவதியாகும் இருப்பும். அவற்றுள் மிகக் கொடியது விமானச் சரக்கு. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல விமானம் வெளியிடும் கார்பன், கன்டெய்னர் கப்பல் வெளியிடுவதைப்போலப் பல பத்து மடங்கு. ஆண்டு முழுவதும் விளக்கு மாற்றியும் சூரியத் தகடு பதித்தும் குறைத்ததை, மாத இறுதியில் அவசரமாகப் பறந்த சில பேலட்டுகள் திரும்பச் சேர்த்துவிடக்கூடும்.

ஆகவே, கடந்த 12 மாதங்களில் அவசரமாக அனுப்பிய ஒவ்வொரு சரக்கையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். 'வாடிக்கையாளர் திடீரென்று கேட்டார்' என்பது காரணமாக எழுதப்பட்டிருந்தால் மேலும் இரண்டு முறை 'ஏன்' என்று கேளுங்கள். பல நேரங்களில், மாத இலக்கை எட்டுவதற்காக உங்கள் விற்பனைப் பிரிவே கொடுத்த தள்ளுபடி பின்னால் ஒளிந்திருக்கும். மாத இலக்கை வார இலக்காக மாற்றுதல், தற்காலிகத் தள்ளுபடிக்குப் பதிலாக நிலையான விலை, வாடிக்கையாளரின் விற்பனை எண்களை வழங்குநருக்கு நேரடியாகக் காட்டுதல், ஒரே நாளில் ஒரே வகையைக் குவிக்காமல் வகைகளைக் கலந்து சீராக உற்பத்தி செய்தல் ஆகியவை இதற்கான மருந்துகள். இவற்றில் எதுவும் பசுமைத் திட்டம் என்ற பெயரில் வருவதில்லை. ஆனால் கார்பன் கணக்கைப் பெரிதும் அசைக்கக்கூடியவை இவையே.

லாரி எத்தனை முறை வர வேண்டும்

இப்போது அந்த மோதலுக்கு வருவோம். ஒரு முறை எவ்வளவு வாங்குவது என்பதற்கான பழைய சூத்திரத்தை 1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற பொறியாளர் வெளியிட்டார். ஆண்டுத் தேவையை ஓர் ஆர்டருக்கான நிலைச் செலவால் (எவ்வளவு வாங்கினாலும் மாறாத செலவால்) பெருக்கி, இரட்டித்து, ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வருவதே சிக்கனமான அளவு. சூத்திரத்தை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அது கற்றுத் தருவதைக் கவனித்தால் போதும். நிலைச் செலவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் உகந்த அளவு பாதியாகும். ஒன்பதில் ஒன்றானால் மூன்றில் ஒன்றாகும்.

ஒரு பயணத்தின் கார்பனுக்கும் விலை வைத்து அந்த நிலைச் செலவோடு சேர்த்தால், சூத்திரம் 'பெரிய அளவாக, அரிதாக வாங்கு' என்று சொல்லும். சிக்கன முறையோ 'சிறிய அளவாக, அடிக்கடி வாங்கு' என்கிறது. இரண்டுக்கும் நடுவே பேரம் பேசி ஒரு சராசரி அளவைத் தேர்வது பலர் செய்யும் பிழை. நிலைச் செலவையே இறக்குவதுதான் சிக்கன முறையின் உண்மையான வழி. டொயோட்டாவில் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் 1,000 டன் இயந்திரத்தின் அச்சை மாற்ற 4 மணி நேரம் ஆனதை முதலில் 90 நிமிடமாகவும் பின்னர் 3 நிமிடமாகவும் குறைக்க ஷிகியோ ஷிங்கோ 1969இல் வழிகாட்டினார். சிறு தொகுதிகள் அதன் பிறகே பொருளுடையவை ஆயின. அச்சு மாற்றும் நேரம் குறையும்போது, ஒவ்வொரு மாற்றத்திலும் வீணாகும் தொடக்கத் துண்டுகளும் கழுவும் திரவமும் ஒருசேரக் குறைகின்றனவா என்பதையும் அளந்து பாருங்கள். சாயம், வண்ணப்பூச்சு, உணவு போன்ற தொழில்களில் நேரத்தை மட்டும் குறைத்துவிட்டுத் தொகுதிகளைக் கூட்டினால் கழுவுநீர் கூடிவிடும்.

அச்சுக்கு விரைவு மாற்றம் எப்படியோ, லாரிக்குப் பால்வண்டி முறை அப்படி. தனித்தனி வண்டிகளுக்குப் பதில் ஒரே வண்டி பல வழங்குநர்களின் வாசலில் நின்று சிறு சிறு அளவாக ஏற்றி வரும்போது, பயணத்தின் நிலைச் செலவு அனைவருக்கும் பிரிகிறது. எடுத்துக்காட்டாக, மூன்று வழங்குநர்களிடமிருந்து தினமும் தலா 30 சதவீதம் நிரம்பிய லாரி போக வர 120 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம்: மொத்தம் 360 கிலோமீட்டர். மூவரையும் தொட்டு வரும் சுற்று 170 கிலோமீட்டர் என்றால், அதே சரக்கு 90 சதவீதம் நிரம்பிய ஒரு வண்டியில் அதே நாளில் வந்து சேரும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் 90 லிட்டர் டீசல் 42.5 லிட்டராகக் குறைகிறது. நிறைந்த வண்டி சற்று அதிகம் குடிக்கும் என்று கழித்துக்கொண்டாலும் பெரும் மிச்சமே. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்பதால், நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் குறையும். வரும் தடவை மாறவில்லை, இருப்பும் கூடவில்லை.

இதைத் தொடங்கும்முன் விலை ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். வழங்குநரே உங்கள் வாசலில் சேர்க்கும் விலை என்றால், போக்குவரத்துச் செலவு பொருளின் விலைக்குள் மறைந்திருக்கும். வண்டி எவ்வளவு நிரம்பி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாது, அதை மாற்றும் உரிமையும் இராது. பொருளின் விலையையும் கொண்டுவரும் கூலியையும் பிரித்து எழுதச் சொல்வதே முதல் படி. வழங்குநர்கள் தொலைவில் சிதறியிருந்தால் பால்வண்டி முறை பலன் தராது. அங்கே ஒரு தொகுப்பு மையத்தில் சேர்த்து நீண்ட தூரத்தை நிறைந்த வண்டியில் கடப்பதும், இரு நிறுவனங்கள் சேர்ந்து திரும்பும் பயணத்தை நிரப்பிக்கொள்வதும் பொருத்தமானவை.

கடல்வழியில் வேறொரு விந்தை இருக்கிறது. கப்பல் எந்திரத்துக்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் ஒரு நாளின் எரிபொருள் ஏறத்தாழ 27 சதவீதமும், பயணம் நீள்வதைச் சேர்த்துப் பார்த்தால் முழுப் பயணத்தின் எரிபொருள் ஏறத்தாழ 19 சதவீதமும் குறையும். மெதுவான கப்பல் சிக்கன முறைக்கு எதிரானதாகத் தோன்றும். ஆனால் தாமதத்துக்கு அஞ்சி வைக்கும் பாதுகாப்பு இருப்பை ஊதிப் பெருக்குவதில் பயணத்தின் நீளத்தைவிட அதன் நிச்சயமின்மைக்கே பெரும்பாலும் கூடுதல் பங்கு உண்டு. 30 நாளில் தவறாமல் வரும் கப்பல், 22 நாளிலும் வரலாம் 34 நாளிலும் வரலாம் என்ற கப்பலைவிட இரு கணக்கிலும் மேலானது.

பெட்டியும் கிடங்கும்

பெட்டியின் அளவை யாரோ எப்போதோ தீர்மானித்திருப்பார்கள். அதை மீண்டும் யாரும் பார்ப்பதில்லை. 1,200க்கு 800 மில்லிமீட்டர் அளவுள்ள ஐரோப்பிய பேலட்டில் 400க்கு 300 மில்லிமீட்டர் பெட்டிகள் ஓர் அடுக்கில் 8 இடைவெளியின்றி அமையும். ஒவ்வொரு பக்கமும் 20 மில்லிமீட்டர் கூடினால் எப்படித் திருப்பி வைத்தாலும் 8 அமையாது. அந்த இரண்டு சென்டிமீட்டரின் விலையை லாரிகளின் எண்ணிக்கையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு முறை பயன்படும் அட்டைக்குப் பதில் மடக்கக்கூடிய, திரும்பி வரும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாறுவது அருகிலுள்ள வழங்குநர்களோடு நன்றாக வேலை செய்யும். பால்வண்டி திரும்பும்போது காலிப் பெட்டிகளை ஏற்றிச் சென்றுவிடும். தொலைவு கூடக் கூட, காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் டீசலும் வழியில் தொலையும் பெட்டிகளும் ஆதாயத்தைத் தின்றுவிடும். ஒரு பெட்டி சராசரியாக எத்தனை சுற்று வருகிறது என்று அளக்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

கிடங்கு குளிரூட்டப்பட்டதாக இருந்தால், மின்சாரத்துக்கு முன்பாகக் குளிர்பதன வாயுவைப் பாருங்கள். பழைய குளிர்கிடங்குகளில் பரவலாக உள்ள ஆர்-404ஏ வாயுவின் வெப்பமாக்கும் ஆற்றல், 100 ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைப்போல் 3,900 மடங்குக்கு மேல். ஒரு கிலோ கசிந்தால் 1,400 லிட்டருக்கு மேல் டீசல் எரித்ததற்குச் சமம். பராமரிப்புக்காரர் ஆண்டுக்கு எத்தனை கிலோ வாயு நிரப்பினார் என்ற ரசீதே கசிவின் கணக்கு. இருப்பைக் குறைத்து ஒரு அறையை நிரந்தரமாக மூட முடிந்தால் மின்சாரமும் வாயுவும் ஒருசேர மிச்சமாகும். அறையை மூடாமல் பாதி காலியாக வைத்திருந்தால் இருப்புக் குறைப்பால் சுற்றுச்சூழலுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம்.

எவ்வளவு இருப்பு போதும்

1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஐசின் செய்கி நிறுவனத்தின் கரியா தொழிற்சாலையில் நேர்ந்த தீவிபத்து, பிரேக்கில் பயன்படும் ஒரு சிறு வால்வின் வரத்தை நிறுத்தியது. டொயோட்டாவுக்குத் தேவையான அந்த வால்வுகள் ஏறத்தாழ அனைத்தும் அங்கேதான் செய்யப்பட்டன. கையிருப்போ மணிக்கணக்கில் அளக்கும் அளவே. உற்பத்தி வரிசைகள் நாட்கணக்கில் நின்றன. பிற வழங்குநர்கள் சேர்ந்து அவசரமாக வால்வு செய்து கொடுத்ததால் விரைவில் மீண்டன. இருப்பு முழுவதும் விரயமன்று. ஆகவே வரைபடத்தில் இருப்பைக் குறைக்கும்முன், இது அறியாமையால் குவிந்ததா, அறிந்து வைத்ததா என்று கேளுங்கள். ஒரே வழங்குநரிடமிருந்து வருவதும், மாற்று இல்லாததும், கெடாததும், சிறு இடத்தில் அடங்குவதுமான உதிரிகளுக்குப் போதிய இருப்பு வைப்பது, பின்னர் விமானத்தில் வரவழைப்பதைவிடப் பசுமையானது.

வழங்குநர்களிடம் கேட்பதும் கொடுப்பதும்

நிறுவனங்கள் தம் உமிழ்வைக் கணக்கிடப் பயன்படுத்தும் பசுமைக்குடில் வாயு நெறிமுறையின் மூன்றாம் வரம்பு, நிறுவனத்தின் வாசலுக்கு வெளியே நிகழும் உமிழ்வுகளை 15 வகைகளாகப் பிரிக்கிறது. அதற்கான தரநிலை 2011இல் வெளிவந்தது. பல நிறுவனங்களுக்குத் தம் சொந்தக் கூரைக்குக் கீழே உள்ளதைவிட இங்கேதான் சுமை அதிகம். வழக்கமாக நடப்பது என்னவென்றால், நூற்றுக்கணக்கான கேள்விகள் கொண்ட படிவம் எல்லா வழங்குநர்களுக்கும் அனுப்பப்படும், அவர்கள் எப்படியோ நிரப்பித் தருவார்கள், கோப்பு மூடப்படும். அதைவிட மோசமானது, செலவிட்ட பணத்தை ஒரு சராசரிக் குணகத்தால் பெருக்கி உமிழ்வைக் கணிப்பது. அந்த முறையில் வழங்குநர் விலையைக் குறைத்தாலே உமிழ்வும் குறைந்ததாகக் காட்டும்; சுத்தமான பொருளுக்குக் கூடுதல் விலை கொடுத்தால் உமிழ்வு கூடியதாகக் காட்டும். எங்கே தேடுவது என்று அறிய முதல் ஆண்டு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

சுமையில் பெரும்பங்கு வகிக்கும் ஐந்தாறு வழங்குநர்களைத் தேர்ந்து, அவர்களிடம் நான்கு எண்களை மட்டும் கேளுங்கள்: உங்கள் பொருளுக்கான மூலப்பொருள் எடை, கழிவு எடை, மின்சாரம், எரிபொருள். கேட்பதோடு நில்லாமல், உங்கள் கணிப்பை மூன்று மாதம் முன்னதாகக் கொடுங்கள், கடைசி வார மாற்றங்களைக் கட்டுப்படுத்துங்கள், பணத்தைக் குறித்த நாளில் செலுத்துங்கள், உங்கள் பொறியாளரை இரண்டு நாள் அவர்கள் தளத்துக்கு அனுப்புங்கள். அங்கே கிடைக்கும் சேமிப்பு முழுவதையும் விலைக்குறைப்பாகப் பிடுங்கிக்கொண்டால் அடுத்த ஆண்டு உங்களுக்கு உண்மையான எண் எதுவும் வராது. பாதியாவது அவர்களிடமே இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் சரிக்கட்டும் முறையில், அங்கே இறக்குமதியாகும் சிமென்ட், இரும்பு, எஃகு, அலுமினியம், உரம் முதலியவற்றுக்கு 2023 அக்டோபர் முதல் உமிழ்வு அறிக்கை கட்டாயமாகியுள்ளதால், சரியாக அளந்த எண்ணுக்கே இப்போது சந்தையில் மதிப்பு உண்டு என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

உங்கள் கொள்முதல் அலுவலரின் மதிப்பீட்டு முறையையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு பொருளின் விலையைக் குறைத்ததற்காக மட்டுமே அவருக்குப் பாராட்டு கிடைக்குமானால், மொத்தத் தள்ளுபடிக்காக ஆறு மாதச் சரக்கை அவர் வாங்கிக் குவிப்பதைக் குறை சொல்ல இயலாது. வைத்திருக்கும் செலவு, காலாவதி இழப்பு, அவசர வண்டி ஆகிய மூன்றையும் சேர்த்த முழுச் செலவில் அவரை மதிப்பிடுங்கள்.

எதை அளப்பது

ஒரே பலகையில், ஒரே தாளில், ஐந்தாறு எண்கள் போதும்: ஆர்டர் கொடுத்தது முதல் சரக்கு சேரும்வரை ஆகும் நாட்கள், குறித்த நாளில் முழுமையாகச் சேர்ந்த ஆர்டர்களின் விகிதம், நூறு நல்ல பொருள்களுக்குக் கழிவின் எடை, நூறு நல்ல பொருள்களுக்கு மின்சாரம், சேர்த்த ஒரு டன்னுக்கு டீசல், மாதத்தின் அவசரச் சரக்குகளின் எண்ணிக்கை. எந்த மாற்றத்தை முன்மொழிபவரும் இவ்வெண்கள் ஒவ்வொன்றும் கூடுமா குறையுமா என்று எழுதிக் காட்ட வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். ஒன்று குறைந்து மற்றொன்று கூடினால் அதை நிராகரிக்க வேண்டியதில்லை. எந்த நிலைச் செலவு அல்லது எந்தச் சீரின்மை அவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ஒரு பொருளுக்கான எண்ணோடு மொத்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். நிலக்கரியைத் திறம்பட எரிக்கும் எந்திரங்கள் வந்தபின் நிலக்கரிப் பயன்பாடு குறையாமல் கூடியதை 1865இலேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். சிக்கனத்தால் விலை குறைந்து விற்பனை இரட்டித்தால், ஒரு பொருளுக்கான டீசல் 30 சதவீதம் குறைந்திருந்தாலும் மொத்த டீசல் 40 சதவீதம் கூடியிருக்கும். இரண்டு எண்களையும் அறிக்கையில் காட்டுவதே நேர்மை. முதல் பொருளின் வரைபடத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தேதியிட்டு, மீண்டும் நடந்து வரையுங்கள். பழைய தாளைக் கிழிக்காமல் புதியதன் பக்கத்திலேயே மாட்டி வைத்துவிட்டு, இரண்டாவது பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.